பாஸ்போர்ட் சேவையில் அரசும் தனியாரும்

அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கலாமா என்று யாரேனும் கேட்டால், நம் விடுதி உணவுக்கூடத்தில் உடனே இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். “தனியாரிடம் விட்டால்தான் காரியம் நடக்கும்” என்பது ஒரு கட்சி. “நாட்டையே விற்றுவிட்டார்கள்” என்பது மறு கட்சி. எந்த வேலை, யாருக்கு எவ்வளவு பங்கு என்று இரு சாராரும் கேட்பதில்லை. நான் இரசாயனம் படிப்பவன். அரசியல் நூல் கற்றவனல்லன். ஆயினும் ஒரு கலவையைப் பற்றிப் பேசுமுன் அதைப் பகுத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பழக்கம். நம்மில் பலர் விரைவில் நாடப்போகும் பாஸ்போர்ட் சேவையையே பகுத்துப் பார்க்கலாம்.

இந்தியாவில் பாஸ்போர்ட் வழங்கும் அதிகாரம் 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசினுடையது. அதைச் செலுத்துவது வெளியுறவு அமைச்சகம். விண்ணப்பங்கள் பெருகப் பெருக அலுவலகங்கள் திணறின. ஆகவே 2008-இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் கம்பெனியுடன் அமைச்சகம் ஒப்பந்தம் செய்துகொண்டது. 2010-இல் கருநாடகத்திலும் நாம் வாழும் இந்தச் சண்டிகர் வட்டாரத்திலும் முதற் சோதனை நடந்தது. 2012-க்குள் நாடெங்கும் 77 சேவை மையங்கள் திறக்கப்பட்டன.

அம்மையத்தினுள் நடப்பதைக் கவனித்துப் பார்த்தால், இந்த உடன்படிக்கையின் சூட்சுமம் முழுவதும் கண்ணெதிரே தெரியும். அங்கே மூன்று வகை ஜன்னல்கள் உள்ளன. ‘ஏ’ ஜன்னலில் இருப்பவர் கம்பெனி ஊழியர். அவர் நம் ஆவணங்களைப் பிரதியெடுப்பார், புகைப்படம் பிடிப்பார், விரல் ரேகை பதிவார். அவ்வளவே அவர் வேலை. ‘பி’ ஜன்னலில் இருப்பவர் அரசாங்க ஊழியர். மூல ஆவணங்களைச் சரிபார்ப்பவர் அவர். ‘சி’ ஜன்னலில் இருப்பவரும் அரசு அதிகாரியே. கொடுக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்பவர் அவர். கட்டிடம், கணிப்பொறி, டோக்கன் முறை, காத்திருக்கும் கூடம், தொலைபேசியில் பதில் சொல்லும் ஏற்பாடு ஆகியவை கம்பெனியின் பொறுப்பு. “இவர் இந்நாட்டுக் குடிமகன்” என்று எழுதிக் கையெழுத்திடும் உரிமை மட்டும் அரசை விட்டு அகலவில்லை.

இக்கோடு ‘ஏ’ ஜன்னலுக்கும் ‘பி’ ஜன்னலுக்கும் இடையே போடப்பட்டிருப்பதைச் சரி என்றே நான் கருதுகிறேன். கம்பெனிக்குக் கூலி எப்படிக் கிடைக்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். முடிந்த விண்ணப்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில், குறித்த தரமும் காலமும் தவறினால் பிடித்தமும் உண்டு என்ற நிபந்தனையோடு, அரசு பணம் கொடுக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் வேகம் வரும். அது ‘ஏ’ ஜன்னலில் நமக்கு நன்மை. அதே கூலிமுறையை ‘சி’ ஜன்னலில் வைத்துப் பாருங்கள்! ‘ஆகட்டும்’ என்று சொல்வதிலேயே ஆதாயம் என்றாகிவிட்டால், ‘கூடாது’ என்று சொல்ல அங்கே யார் இருப்பார்?

இனி வேகத்துக்கு வருவோம். ஒரு வினை பல படிகளாக நடக்கும்போது, மிக மெதுவாக நடக்கும் படியே மொத்த வேகத்தை நிர்ணயிக்கிறது என்பது முதலாண்டு மாணவரும் அறிந்தது. மற்றப் படிகளை எவ்வளவு விரட்டினாலும் பயனில்லை. பாஸ்போர்ட் கதையும் இதுவேயாம். மூன்று ஜன்னல்களை ஒரு முற்பகலில் கடந்துவிடலாம். அதன்பின் வருகிறது போலீஸ் விசாரணை. அது மாநிலத்தின் கையில் உள்ளது. கம்பெனியின் ஒப்பந்தத்துக்குள் அது அடங்காது. இங்கும் கூலி முறையை ஓரளவு புகுத்திப் பார்த்திருக்கிறது அமைச்சகம். அறிக்கை 21 நாளுக்குள் வந்தால் ஒரு விண்ணப்பத்துக்கு 150 ரூபாயும், பிந்தினால் 50 ரூபாயும் மாநிலப் போலீசுக்குக் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தது. ஆனால் அந்தப் பணம் துறையின் கணக்குக்குப் போகிறது. நம் வீட்டைத் தேடி அலையும் காவலருக்கு அதனால் என்ன ஊக்கம் என்பது எனக்கு விளங்கவில்லை.

இதன் விளைவை என் அறைத் தோழர் அனுபவித்தார். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர். நாட்டின் எந்த மூலையிலும் விண்ணப்பிக்கலாம் என்ற வசதி 2018-இல் வந்தது. அதை நம்பி, ஊர் முகவரியைக் கொடுத்து இங்கே விண்ணப்பித்தார். ஜன்னல் வேலை ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது. விசாரணைக்குக் காவலர் ஊருக்குச் சென்ற நாளில் இவர் இங்கே ஆய்வுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அறிக்கை நின்றது. ஜெர்மனியில் அவர் படிக்க இருந்த கட்டுரையை அவருடைய வழிகாட்டியே படித்துவிட்டு வந்தார். விண்ணப்பம் எங்கே கொடுத்தாலும் விசாரணை முகவரி இருக்கும் இடத்தில்தான் நடக்கும் என்பதை அந்த வசதியைக் கொண்டாடியவர்கள் யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

கூட்டு முயற்சியில் எனக்கு உள்ள அச்சம் வேறொன்று. 2008-இல் ஒப்பந்தம் பெற்ற அதே கம்பெனி, 2022-இல் இரண்டாம் கட்டத்துக்கும் அமர்ந்தது. பழகிய கை என்பது உண்மையே. ஆனால் ஒரே கையிடம் நெடுங்காலம் பழகிய அமைச்சகம், நாளை வேறொருவரை நாட இயலுமா? கம்பெனிப் பதிவுகளுக்கான ‘எம்.சி.ஏ. 21’ திட்டம் 2006-இல் இதே கம்பெனியிடம் தொடங்கி, 2013-இல் இன்ஃபோசிஸுக்கு மாறியது. மாற்றம் இயலாத காரியமன்று. மாற்றலாம் என்ற நிலை இருக்கும்வரைதான் பிடித்தம் என்ற நிபந்தனைக்கு மதிப்பு. 2017-இல் மைசூரிலும் குஜராத்தின் தாஹோதிலும் தொடங்கி, அஞ்சல் நிலையங்களிலேயே பாஸ்போர்ட் மையங்கள் பல நூறு திறக்கப்பட்டதை இக்காரணத்தாலும் வரவேற்கிறேன். அங்கே நம்மை எதிர்கொள்பவர் அஞ்சல் ஊழியர். தனியாரின்றியும் ‘ஏ’ ஜன்னல் நடக்கக்கூடும் என்பதற்கு அது சான்று.

விண்ணப்பிக்க எண்ணும் தோழர்களுக்குச் சில சொற்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டின் சாதாரணக் கட்டணம் 1500 ரூபாய். தட்கல் முறையில் மேலும் 2000. இதற்குமேல் கேட்பவர் ஏஜெண்டு. அவருக்குக் கொடுப்பதால் எந்த ஜன்னலும் விரைந்து திறவாது. போலித் தளங்கள் பல உலவுகின்றன, முகவரி ‘கவ்.இன்’ என்று முடிகிறதா என்று பார்த்த பின்னரே பணம் செலுத்துக. இப்போது வசிக்கும் முகவரி விடுதியானால் விடுதியையே எழுதுக. காவற்காரரிடமும் சொல்லி வைக்க. விண்ணப்பம் எங்கேனும் தேங்கினால் கம்பெனியின் தொலைபேசிக்கு அழைத்துச் சலிக்க வேண்டுவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன்படி பதில் சொல்லக் கடமைப்பட்டது அமைச்சகமே. கம்பெனியிடம் உள்ள தகவலையும் அமைச்சகம் பெறக்கூடியதாயின் நாம் கேட்கலாம். அதற்குக் கட்டணம் 10 ரூபாய்.