நன்செய் நிலத்துச் சதுப்பு வாயுவும் உலக உடன்படிக்கைகளும்

நெல் வயலின் சேற்றில் காலை வைத்தவுடன் குமிழிகள் கிளம்புவதை எல்லாக் குடியானவர்களும் கண்டிருக்கிறார்கள். அக்குமிழிகளில் அடங்கிய வாயுக்களில் முக்கியமானது மீத்தேன் என்னும் சதுப்பு வாயு. இதைக் குறித்து உலக தேசங்கள் கூடி விவாதிப்பதும், உடன்படிக்கை செய்துகொள்வதும், அவற்றுள் ஒன்றில் இந்தியா சேராமல் நிற்பதும் எதனால் என்பது, திருத்தணி வட்டாரத்தில் ஏரிப் பாசனத்தாலும் கிணற்றுப் பாசனத்தாலும் நெல் பயிரிடுவோர் அறியத்தக்க விஷயமாகும்.

வாயு உண்டாகும் விதம்

வயலில் ஜலம் தேங்கி நிற்கும்பொழுது மண்ணுக்குள் காற்றுப் புகுவதில்லை. மண்ணிலிருந்த பிராணவாயு விரைவில் தீர்ந்துபோகிறது. பின்னர், பிராணவாயு இல்லாமலே ஜீவிக்கும் ஒருவகை நுண்ணுயிர்கள் தழை, வேர், வைக்கோல், தொழுவுரம் முதலியவற்றின் மக்கிய பாகங்களிலிருந்து சதுப்பு வாயுவை உண்டாக்குகின்றன. இதில் ஒரு பாகம் குமிழிகளாகவும், பெரும்பாகம் நெற்பயிரின் வேரிலும் தண்டிலும் உள்ள காற்றறைகளின் வழியாகவும் வெளியேறுகிறது.

இச்செய்தி புதிதன்று. சென்னை மாகாண விவசாய இலாகாவின் ரசாயன நிபுணராயிருந்த டபிள்யூ. எச். ஹாரிசனும், அவருடன் உழைத்த பி. ஏ. சுப்பிரமணிய அய்யரும் நெல் வயலின் வாயுக்களை ஆராய்ந்து 1913-ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அவ்வாயுக்களில் சதுப்பு வாயு இருப்பதையும், மண்ணின் மேற்பரப்பில் படரும் மெல்லிய ஏட்டிலுள்ள நுண்ணுயிர்கள் அதை மாற்றமடையச் செய்வதையும் அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். பயிரின் வேருக்கு இவற்றால் உண்டாகும் நன்மை தீமையே அவர்களது விசாரணையாக இருந்தது. அதே வாயு பூமியின் உஷ்ணத்தையும் பாதிக்கும் என்பது பிற்காலத்தில் எழுந்த கவலை.

உஷ்ணம் மிகுவதற்குக் காரணம்

சூரியனிடமிருந்து பெறும் வெப்பத்தைப் பூமி மீண்டும் ஆகாயத்திற்கு விடுகிறது. கரியமில வாயு, சதுப்பு வாயு, நைட்ரஸ் ஆக்ஸைடு முதலியவை அவ்வெப்பத்தில் ஒரு பாகத்தைக் கம்பளி போல் தடுத்து நிறுத்துகின்றன. யந்திரத் தொழில்கள் பெருகுமுன் காற்றில் 10 லட்சம் பங்குக்குச் சுமார் 280 பங்கு இருந்த கரியமில வாயு, இப்பொழுது 420 பங்குக்கு மேற்பட்டிருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கப்படுவதே இதற்குப் பிரதான காரணம்.

சதுப்பு வாயு, 100 ஆண்டுக் கணக்கில், எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு உஷ்ணத்தை உண்டாக்கவல்லது. ஆயினும் அது சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துபோகிறது. கரியமில வாயுவிலோ ஒரு பாகம் பல நூற்றாண்டுகள் நிற்கும். ஆகையால் சதுப்பு வாயுவைக் குறைத்தால் பலன் விரைவில் தெரியும். நிலக்கரிப் புகையைக் குறையாதபடி விட்டுவிட்டால் அப்பலன் நிலைக்காது.

தேசங்கள் செய்துகொண்ட உடன்படிக்கைகள்

1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்துடன் சேர்க்கப்பட்டது. ஊருக்கு எல்லை வகுக்கலாம். காற்றுக்கு எல்லை வகுக்க முடியாது. ஆகவே எல்லாத் தேசங்களும் சேர்ந்தே இதற்குப் பரிகாரம் தேட வேண்டியதாயிற்று.

முதலாவதாக, 1992-ஆம் ஆண்டில் பிரேஜில் தேசத்து ரியோ நகரில் உடன்படிக்கை ஒன்று கையொப்பத்திற்கு வைக்கப்பட்டு, 1994-இல் அமலுக்கு வந்தது. பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அதன் அளவு வெவ்வேறு என்பது அதன் மூல தத்துவம். ஏரி மராமத்தில் அவரவர் நிலத்துக்குத் தக்கபடி ஆள் கொடுப்பது பழைய குடிமராமத்து வழக்கம். அதுபோலவே, நெடுங்காலமாகப் புகையைப் பெருக்கிச் செல்வம் சேர்த்த தேசங்கள் முதலில் குறைக்கவேண்டுமென்று ஏற்பட்டது.

இரண்டாவதாக, 1997-இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் செய்யப்பட்ட ஒப்பந்தம் 2005-இல் அமலாயிற்று. 2008 முதல் 2012 வரை, தொழில் பெருகிய தேசங்கள் 1990-ஆம் ஆண்டின் அளவுக்குச் சராசரி 100-க்கு 5 பங்கு குறைக்கவேண்டுமென்று அது விதித்தது. அமெரிக்கா அதை ஊர்ஜிதம் செய்யவில்லை. 2002-இல் சேர்ந்த இந்தியாவுக்கு அளவு ஏதும் விதிக்கப்படவில்லை.

மூன்றாவதாக, 2015 டிசம்பர் 12-ஆம் தேதி பாரிஸ் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை. உஷ்ண உயர்வை 2 டிகிரிக்கு மிகவும் கீழாக நிறுத்தி, கூடுமானால் 1.5 டிகிரிக்குள் அடக்கவேண்டுமென்பது இதன் நோக்கம். ஒவ்வொரு தேசமும் தன் கடமையைத் தானே அறிவிக்கலாம். தவறினால் தண்டனை கிடையாது. 2016 அக்டோபர் 2-ஆம் தேதி இந்தியா இதில் சேர்ந்தது. உற்பத்தியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வெளியாகும் வாயுவை, 2005-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030-க்குள் 100-க்கு 45 பங்கு குறைப்பதென்று 2022-இல் அறிவித்தது. அமெரிக்கா 2020-இல் விலகி, 2021-இல் திரும்பச் சேர்ந்து, 2025 ஜனவரியில் மீண்டும் விலக உத்தரவிட்டது. தண்டனையில்லா உடன்படிக்கையின் பலவீனம் இதனால் விளங்கும்.

நெல் வயலின் மேல் சாட்டப்பட்ட குற்றம்

1990-ஆம் ஆண்டையொட்டி, இந்திய நெல் வயல்களிலிருந்து ஆண்டுக்கு 3 கோடியே 70 லட்சம் டன்னுக்கு மேல் சதுப்பு வாயு கிளம்புவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா மதிப்பிட்டது. இந்திய வயல்களில் போதிய அளவு பரிசோதனை செய்யாமல் எழுந்த மதிப்பு அது. இதையொட்டி டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிச்சாலையின் ஏ. பி. மித்ரா அவர்களின் தலைமையில், 1991-இல் பல மாகாணங்களின் வயல்களில் நேரில் அளந்து பார்த்தார்கள். கிடைத்த கணக்கு ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் டன். அதாவது முந்திய மதிப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நம் வயல்களில் பெரும்பாலானவை மழையை நம்பி அவ்வப்போது காய்வதும், மண்ணில் மக்குப் பொருள் குறைவாயிருப்பதும் இதற்குக் காரணங்கள்.

அதே 1991-இல் அனில் அகர்வால், சுனிதா நாராயண் ஆகிய இருவரும் வெளியிட்ட நூல், உயிர் வாழ்வதற்காக வெளியாகும் வாயுவையும் சுகபோகத்திற்காக வெளியாகும் வாயுவையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்று வாதித்தது. 2021-இல் கிளாஸ்கோ நகரில், சதுப்பு வாயுவை 2030-க்குள் 100-க்கு 30 பங்கு குறைப்பதென்று பல தேசங்கள் வாக்களித்தபோது, இந்தியா அதில் சேரவில்லை. நெல்லும் மாடும் சிறு குடியானவர்களின் ஜீவனம் என்பதே அதன் வாதம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியா வெளியிடும் வாயுக்களில் 100-க்குச் சுமார் 76 பங்கு எரிசக்தியாலும், சுமார் 14 பங்கு பயிர்த்தொழிலாலும் கால்நடையாலும் உண்டாகின்றன.

திருத்தணி வட்டாரத்தில் செய்யத்தக்கது

உடன்படிக்கை குடியானவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் ஜலத்தை மிச்சப்படுத்தும் முறையே வாயுவையும் குறைக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்னும் மூன்று பட்டங்களுள், நவரைக்கும் சொர்ணவாரிக்கும் ஏரியில் மிஞ்சிய ஜலமும் கிணறுமே ஆதாரம். இப்பட்டங்களுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமான முறை மிகவும் ஏற்றது. அதன் விவரம் வருமாறு:

1. சுமார் 12 அங்குல நீளமுள்ள, பக்கங்களில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பாதியளவு மண்ணில் புதைத்து, உள்ளேயிருக்கும் சேற்றை நீக்கிவிடவேண்டும்.

2. நட்ட இரண்டு வாரங்களுக்குப் பிறகு, குழாயினுள் ஜலம் தரைமட்டத்திற்குக் கீழ் 6 அங்குலம் இறங்கும்வரை பாய்ச்சாமலிருந்து, பின்னர் 2 அங்குல உயரம் நிற்கும்படி பாய்ச்சவேண்டும்.

3. பூக்கும் தருணத்தில் முன்னும் பின்னுமாக ஒரு வாரம் வயல் காயலாகாது.

4. பச்சை வைக்கோலைத் தேங்கிய ஜலத்தில் மிதித்துவிடாமல், மக்கவைத்து இடவேண்டும். யூரியாவைப் பல தவணைகளாக இடவேண்டும். இல்லாவிடில் நைட்ரஸ் ஆக்ஸைடு மிகுந்து, கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி வீணாகும்.

இம்முறையால் விளைச்சல் குறையாமல் 100-க்கு 30 பங்கு வரை ஜலம் மிச்சமாகலாம். சதுப்பு வாயுவும் ஏறக்குறைய பாதியாகும். மோட்டார் ஓடும் நேரம் குறைவதால், அத்திப்பட்டு போன்ற அனல் மின் நிலையங்களில் எரியும் நிலக்கரியும் மிச்சம். ஆனால் வேண்டிய சமயத்தில் ஜலம் கிடைக்குமென்ற நிச்சயம் இல்லாத கடைமடை வயல்களில் இதைத் துணிந்து செய்வது கூடாது. ஒரே மதகின் கீழுள்ள ஆயக்கட்டுதாரர்கள் முறை வைத்து ஒத்துக்கொண்டால்தான் இது நடைபெறும். தலைமடைக்காரர் மதகை மூட மறுத்தால் கடைமடைக்காரர் சிக்கனம் செய்து பயனில்லை. தேசங்களுக்குள் நடக்கும் வழக்கும் இதுவே.

கையொப்பமிடுமுன் கவனிக்கவேண்டியவை

குறைத்த வாயுவைக் கணக்கிட்டு விலைக்கு விற்கும் ஏற்பாட்டிற்காக, 2024 ஜனவரியில் மத்திய விவசாய இலாகா ஒரு திட்ட வரையறையை வெளியிட்டது. இதன்பொருட்டு எவரேனும் கிராமத்திற்கு வந்து ஒப்பந்தம் கேட்டால், எத்தனை வருஷத்திற்குக் கட்டுப்பாடு, அளப்பவர் யார், விற்ற விலையில் குடியானவருக்குச் சேரும் பங்கு எவ்வளவு, பயிர் நஷ்டமானால் பொறுப்பு யாருடையது, நிலம் குத்தகையிலிருந்தால் பணம் யாருக்கு என்னும் ஐந்தையும் தமிழில் எழுதி வாங்கிப் படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடவேண்டும். 1991-இல் நேரில் அளந்ததால்தான் தேசத்தின்மேல் சுமத்தப்பட்ட தவறான கணக்கு நீங்கிற்று. தன் வயலின் கணக்கைத் தானும் எழுதி வைத்துக்கொள்ளும் குடியானவரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.