ஆலை வாசலில் மரக்கன்று, கோட்டையில் மனு

காலநிலை மாற்றத்துக்காகத் தொழில் நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்று கேட்டால் ஆண்டறிக்கையைத் திறந்து படம் காட்டுவார்கள்: ஆலை வாசலில் மரக்கன்று, கூரைமேல் சோலார். நல்ல காரியங்கள்தான். ஆனால் அதே நிறுவனமோ, அது உறுப்பினராக இருக்கும் சங்கமோ அரசிடம் கொடுத்த மனுக்கள் அந்தப் படங்களில் இருக்காது. எந்த விதியைக் கேட்டார்கள், எந்த விதியைத் தள்ளிப்போடச் சொன்னார்கள் என்பதும் வெளியே வராது. ஓர் ஆலை தன் மதிலுக்குள் குறைக்கும் புகை அந்த மதிலோடு நின்றுவிடும். விதி மாறினால் ஆயிரம் ஆலைகள் மாறும். அதனால் நான் மனுவைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

நம்பிக்கை: முதலாளிகள் எல்லோரும் சுற்றுச்சூழல் சட்டத்துக்கு எதிரிகள்.

உண்மை: அவர்கள் ஒரே அணி அல்ல. அமெரிக்காவில் ட்ரம்ப் அரசு வாகனப் புகை விதிகளைத் தளர்த்த முனைந்தபோது, 2019 ஜூலையில் ஃபோர்டு, ஹோண்டா, பி.எம்.டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் நான்கும் கலிஃபோர்னியா மாநிலத்தோடு தனியே உடன்பாடு செய்து, தளர்த்திய விதியைவிடக் கடுமையான வரம்பை ஏற்றுக்கொண்டன. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ், டொயோட்டா, ஃபியட் கிரைஸ்லர் மூன்றும் இது தொடர்பான வழக்கில் ட்ரம்ப் அரசின் பக்கம் சேர்ந்தன. 2020 நவம்பரில் தேர்தல் முடிவு தெரிந்தபின் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டது. தொழில் ஒன்று, சந்தை ஒன்று, நிலைப்பாடு இரண்டு. ‘தொழில்துறை எதிர்க்கிறது’ என்று ஓர் அமைச்சர் சொன்னால், எந்தெந்த நிறுவனம் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: கெடுபிடி அதிகமானால் தொழில் படுத்துவிடும்.

உண்மை: ஃபிரிட்ஜ், ஏ.சி., ஸ்ப்ரே டப்பா எல்லாவற்றிலும் இருந்த சி.எஃப்.சி. வாயுக்களைப் பற்றியும் இதையேதான் சொன்னார்கள். அவை ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். உலகிலேயே அதிகமாக அவற்றைத் தயாரித்த டூபான்ட் நிறுவனம் பல ஆண்டுகள் கட்டுப்பாட்டை எதிர்த்தது. 1987இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மறு ஆண்டு மார்ச் மாதத்திலேயே, தயாரிப்பை முழுவதும் கைவிடப்போவதாக டூபான்ட் அறிவித்தது. அறிவியல் ஆதாரம் வலுத்தது ஒரு காரணம். விதி வந்துவிட்டதால் மாற்று வாயுவுக்குச் சந்தை உறுதியானது இன்னொரு காரணம். வளரும் நாடுகளுக்கான கெடு 2010இல் முடிந்தது. ஃபிரிட்ஜ் விற்பனை எங்கும் நிற்கவில்லை. சி.எஃப்.சி.க்களில் சில கரியமில வாயுவைவிடப் பத்தாயிரம் மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பவை என்பதால், புவி சூடாவதைக் குறைத்த பெரிய ஒப்பந்தங்களில் இதுவும் ஒன்று. மாற்றாக வந்த எச்.எஃப்.சி. வாயுக்களும் சூட்டைக் கூட்டுகின்றன என்று தெரிந்தபின் 2016இல் கிகாலி நகரில் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தை ஏற்கச் சொல்லித் தன் அரசை வற்புறுத்தியவர்களில் அமெரிக்கக் குளிர்சாதனத் தொழிலும் இருந்தது.

நம்பிக்கை: லாபம் தெரிந்தால் தொழில் தானாகவே பசுமைக்கு மாறிவிடும், அரசு ஒதுங்கி நின்றால் போதும்.

உண்மை: இதற்குப் பதில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்கிறது. முப்பந்தல் பக்கம் போகிறவர்கள் பார்க்கும் காற்றாலைகளில் ஏராளமானவை மின் நிறுவனங்களுடையவை அல்ல. கோவை, திருப்பூர் வட்டார மில்களுடையவை. நூற்பாலைக்குப் பஞ்சுக்கு அடுத்த பெருஞ்செலவுகளில் ஒன்று மின்சாரம். அதை மலிவாகப் பெற மில்காரர்கள் காற்றை நாடினார்கள். புவி வெப்பம் அவர்கள் நினைப்பில் இருந்திருக்க வேண்டியதில்லை, அதில் தவறும் இல்லை. ஆனால் காற்று அங்கே காலங்காலமாக வீசிக்கொண்டுதான் இருந்தது. காற்றாலைகளை வர வைத்தவை மூன்று ஏற்பாடுகள்.

கன்னியாகுமரியில் பிறக்கும் மின்சாரம் கோவை மில்லுக்கு மின்வாரியத்தின் கம்பி வழியாகவே வர வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு கடத்திக் கொடுப்பது வீலிங். ஆடிக்காற்றில் மில்லின் தேவைக்கு மேல் உற்பத்தியாகும், மார்கழியில் காற்றே இருக்காது. உபரியை வாரியத்தின் கணக்கில் வைத்துக் காற்றில்லாத மாதங்களில் திரும்ப எடுப்பது பேங்கிங். மூன்றாவது வருமான வரிச் சலுகை: காற்றாலைக்குப் போட்ட பணத்தின் பெரும்பகுதியை, 2000களில் 80 சதவீதத்தை, முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள முடிந்தது.

2012 ஏப்ரலில் அந்தத் தேய்மானச் சலுகை நிறுத்தப்பட்டது. கூடவே உற்பத்தி ஊக்கத்தொகையும் காலாவதியானது. 2011-12இல் நாடு முழுவதும் 3,100 மெகாவாட்டுக்கு மேல் புதிய காற்றாலைகள் நிறுவப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு அது ஏறத்தாழ 1,700 ஆகச் சரிந்தது. அதே காற்று, அதே இயந்திரம், அதே முதலாளிகள். தொழில்துறை மனு மேல் மனு போட்டு, 2014இல் சலுகை திரும்பியது. 2017இல் அது 40 சதவீதமாகக் குறைந்தது.

பேங்கிங் விஷயத்தில் வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. மில்கள் தங்கள் சேமிப்பைத் திரும்பக் கேட்கும் நேரத்தில் வாரியம் அதிக விலைக்கு மின்சாரம் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை சாதாரண நுகர்வோர் தலையில் விழக்கூடாது. எனவே பேங்கிங் கட்டணம் எவ்வளவு என்ற சண்டை நியாயமானது, அது மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் எல்லோரும் கேட்கும்படி நடப்பதும் நியாயம். தமிழ்நாடு 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகளைக் கட்டியது இப்படி வாதாடித்தான்.

நம்பிக்கை: ஒரு நிறுவனம் அரசிடம் என்ன கேட்கிறது என்பதை வெளியாள் அறிய வழியே இல்லை.

உண்மை: கொஞ்சம் வழி இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் பொறுப்பு மற்றும் நீடித்தன்மை அறிக்கையை 2022-23 முதல் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதி. அதில் ஒன்பது கோட்பாடுகள். ஏழாவது, அரசுக் கொள்கையில் செல்வாக்குச் செலுத்துவதைப் பற்றியது. எந்தெந்தத் தொழில் சங்கங்களில் உறுப்பினர் என்பதை அங்கே எழுதியே ஆக வேண்டும். அரசிடம் எந்தக் கொள்கைக்காக வாதாடினோம், அந்த விவரம் பொதுவெளியில் இருக்கிறதா என்பதற்கும் ஒரு கட்டம் உண்டு. ஆனால் அதை நிரப்புவது நிறுவனத்தின் விருப்பம்.

மரம் நட்ட கணக்கைவிட முக்கியமான கேள்வி அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அதைச் செபி கட்டாயப் பகுதிக்கு மாற்ற வேண்டும். சங்கத்தின் பெயரில் கொடுத்த மனுவையும் நிறுவனம் தன் மனுவாகக் கணக்கில் காட்ட வேண்டும். அதுவரை, பங்கு வைத்திருப்பவர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்கலாம். ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு.