சிங்கப்பூரில் எங்கே தங்கலாம்? மேப் சொல்லும் சாப்பாட்டுக் கணக்கு

வெளிநாட்டுப் பயணம் என்றால் டிக்கெட் எடுத்த கையோடு, அறை பதிவு செய்யும் தளம் ஒன்றைத் திறக்கிறோம். ஊரின் பெயரை டைப் செய்து, குறைந்த வாடகை முதலில் வருமாறு வரிசைப்படுத்தி, படம் பளிச்சென்று இருக்கும் இடத்தில் கிளிக் செய்துவிடுகிறோம். அப்பாவை முதல்முறை சிங்கப்பூர் அழைத்துச் சென்றபோது நானும் இதைத்தான் செய்தேன்.

அப்பாவுக்கு அப்போது வயது 71. சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. ஆனால் சாப்பாட்டு ரசிகர். தூத்துக்குடிக்குத் துக்கத்திற்குப் போனாலும் மக்ரூன் வாங்காமல் திரும்பமாட்டார். அவருக்காகவே "உணவு மையம் 400 மீட்டர்" என்று தளத்தில் போட்டிருந்த ஓர் இடத்தைப் பிடித்தேன். போய்ப் பார்த்தால், அந்த 400 மீட்டர் காக்கை பறக்கும் தூரம். நடுவில் அதிவேகச் சாலை. சுற்றிப் போய், நடைமேம்பாலம் ஏறி இறங்க மேப் கணக்குப்படி 17 நிமிடம்; அப்பாவுக்கு 25 நிமிடம். மூன்றாம் நாள் இரவு, "எனக்குப் பசியில்லைப்பா, பிஸ்கட் போதும். நீ போய்ட்டு வா" என்றார். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

மறுமுறை போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து செய்த வேலையை இங்கே தருகிறேன். வேறு எந்த ஊருக்கும் இதே வழி பொருந்தும். (நம் ஊரில் ஓட்டல் என்றால் சாப்பிடும் இடமும் அதுதான், தங்கும் இடமும் அதுதான். குழப்பம் வேண்டாமென்று இந்தக் கட்டுரையில் தங்குமிடம் என்றே எழுதுகிறேன்.)

முதலில் சாப்பாட்டு இடங்களை மேப்பில் ஏற்ற வேண்டும். சிங்கப்பூரில் சாப்பாடு என்றால் ஹாக்கர் சென்டர்கள்தான். தெருவோரம் வியாபாரம் செய்தவர்களைத் தண்ணீர், சாக்கடை வசதியுள்ள கட்டடங்களுக்கு அரசு கொண்டு வந்து சேர்த்ததால் உருவானவை இவை. 120க்கும் மேல் இருக்கின்றன. 2020ல் யுனெஸ்கோ இந்தக் கலாசாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. அந்நாட்டு அரசின் டேட்டா டாட் கவ் டாட் எஸ்ஜி தளத்தில் 'ஹாக்கர் சென்டர்ஸ்' என்று தேடினால், இவை இருக்கும் இடங்கள் கேஎம்எல் பைலாக இலவசமாகக் கிடைக்கும். டவுன்லோட் செய்திடவும்.

அடுத்து, உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்து கூகுள் மை மேப்ஸ் பக்கத்தைத் திறந்து புதிய மேப் ஒன்றை உருவாக்கவும். இடது பக்கக் கட்டத்தில் இம்போர்ட் என்பதில் கிளிக் செய்து அந்தப் பைலைக் கொடுத்தால், ஊர் முழுக்கப் புள்ளிகள் முளைக்கும். ஆட் லேயர் கொடுத்து, உங்கள் மனதில் உள்ள தங்குமிடங்களை வேறு நிறத்தில் அதன் மேல் குறிக்கவும். தனியாக நிற்கும் தங்குமிடங்கள் உடனே தெரிந்துவிடும். அவற்றைக் கழித்துவிடலாம்.

இனிதான் முக்கியமான விஷயம். புள்ளி இருந்தால் போதாது, நமக்குப் பசிக்கும்போது அங்கே அடுப்பு எரிய வேண்டும். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஊரில் இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு அங்கே இரவு 10.30க்குத்தான் மணியடிக்கும். அந்நேரம் பல ஹாக்கர் சென்டர்களில் பெஞ்சைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். தியோங் பாரு மார்க்கெட் மாடியில் காலை நேரம் அமர்க்களமாக இருக்கும். இரவு அதை நம்பிப் போகக் கூடாது. லாவ் பா சாட் இதற்கு நேர் எதிர். மாலைக்குப் பிறகு பக்கத்துத் தெருவை மறித்து சாத்தே சுடும் கடைகள் போடுவார்கள்.

இதைச் சோதிக்க, சாதாரண கூகுள் மேப்பில் அந்தப் பகுதியைப் பெரிதாக்கி, உணவகம் எனத் தேடவும். மேலே ஹவர்ஸ் என்ற கீழ் விரி மெனு கிடைக்கும். அதில் கிழமையையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கலாம். ஒருமுறை காலை 7 மணி, ஒருமுறை இரவு 10 மணி என வைத்துப் பாருங்கள். ஒரே தெரு இரண்டு ஊராகத் தெரியும். ஹாக்கர் சென்டரின் நேரம் வேறு, அதற்குள் இருக்கும் கடையின் நேரம் வேறு என்பதை மறக்க வேண்டாம். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகள் பல உண்டு. உங்களுக்கு வேண்டிய கடையின் பெயரையே தேடி, விமர்சனங்களைப் புதியது முதலில் வருமாறு அமைத்துப் படிப்பது நல்லது.

பிறகு நடை. மேப்பில் மவுஸை ரைட் கிளிக் செய்தால் வரும் மெஷர் டிஸ்டன்ஸ் வசதியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அதுவும் காக்கைக் கணக்குதான். டைரக்ஷன்ஸ் கொடுத்து, நடக்கும் மனிதர் படத்தைத் தேர்ந்தெடுக்கவும். பாதை எங்கே வளைகிறது, எங்கே மேம்பாலம் வருகிறது என்பதை ஸ்ட்ரீட் வியூவில் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது எக்ஸெல் திறந்து, ஏ நெட்டு வரிசையில் தங்குமிடத்தின் பெயர், பியில் காலை உணவுக்கு நடை நிமிடம், சியில் இரவு உணவுக்கு நடை நிமிடம், டியில் வாடகை எனத் தரவும். மதியம் எப்படியும் வெளியில் சுற்றுவோம், அதற்குக் கணக்கு வேண்டாம். ஈ2 செல்லில் =2*(பி2+சி2)*1.5 என்று பார்முலா அமைக்கவும் (செல் பெயர்களை ஆங்கில எழுத்தில் தர வேண்டும்). 2 என்பது போகவர. 1.5 என்பது பெரியவர்களுக்காக. இளவட்டங்கள் அதை எடுத்துவிடலாம். என் பழைய தங்குமிடத்தைப் போட்டுப் பார்த்தேன். காலை 17, இரவு 17. விடை 102 நிமிடம். சாப்பிடுவதற்காக மட்டும் அப்பாவை ஒரு நாளைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் நடக்க வைத்திருக்கிறேன்! லிட்டில் இந்தியாவில் பார்த்து வைத்த இடத்திற்கு 5, 4. விடை 27 நிமிடம். அங்கே வாடகை சற்றுக் கூடுதல்தான். முன்பு நான் மிச்சம் பிடித்த பணம் கால்வலித் தைலத்திற்கும் டாக்ஸிக்கும் போனதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

எந்தப் பேட்டை என்று கேட்டால், பெற்றோருடன் செல்பவர்களுக்கு லிட்டில் இந்தியாதான் என் தேர்வு. ரயில் நிலையத்தை ஒட்டியே தேக்கா சென்டர் இருக்கிறது. தரைத்தளத்தில் சந்தையும் சாப்பாடும். 1947ல் தொடங்கிய கோமள விலாஸ் சிராங்கூன் சாலையில் இருப்பதால் சைவக்காரர்களும் தவிக்க வேண்டாம். ஞாயிறு மாலை விடுமுறையில் வரும் தொழிலாளர்களால் தெரு நிரம்பி வழியும். அமைதி வேண்டுபவர்கள் உள்தெருவில் பார்க்கவும். இட்லி, தோசை சாப்பிடவா சிங்கப்பூர் போவது என்பவர்களுக்கு சைனாடவுன். சைனாடவுன் காம்ப்ளெக்ஸ், மேக்ஸ்வெல் இரண்டும் நடை தூரத்தில். கேலாங் பின்னிரவுச் சாப்பாட்டிற்குப் பெயர் பெற்றது. ஆனால் அனுமதி பெற்ற சிவப்பு விளக்குத் தெருக்களும் அங்கே உள்ளன. தெருவைப் பார்த்துப் பதிவு செய்திடவும்.

லக்சாவுக்குப் பெயர்போன காட்டோங் பகுதி பற்றி, "ரயில் கிடையாது, பஸ்தான்" என்று பழைய பயணக் கட்டுரைகளில் படித்திருப்பீர்கள். 2024 ஜூனில் மரீன் பரேட் ரயில் நிலையம் திறந்த பிறகு அது செல்லாது. எனவே எந்தக் கட்டுரையையும் படிக்கும் முன் தேதியைப் பாருங்கள், இதையும் சேர்த்துத்தான்.

பணம் கட்டும் முன் இன்னொன்று. ஹாக்கர் சென்டர்களைச் சுத்தம் செய்வதற்காகக் குறிப்பிட்ட நாட்களில் மொத்தமாக மூடுவார்கள். பழுது பார்க்க மாதக்கணக்கிலும் மூடுவதுண்டு; தேக்காவே 2023ல் மூன்று மாதம் மூடிக் கிடந்தது. மூடும் தேதிகள் அதே அரசுத் தளத்தில் இருக்கின்றன. உங்கள் பயண நாட்களோடு ஒப்பிட்டுக்கொள்ளவும். அருகில் உள்ள இரண்டாவது மையம் எது என்பதையும் எக்ஸெலில் ஒரு நெட்டு வரிசையில் எழுதி வைக்கவும்.

கிளம்பும் முன் ஊரின் மேப்பைப் போனில் ஆப்லைனாக டவுன்லோட் செய்துகொள்ளவும். மை மேப்ஸில் செய்த மேப்பைப் பெரிய எழுத்தில் தெரியுமாறு ஒரு பிரிண்டும் எடுக்கவும். என் அப்பா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நான் எழுந்திருக்கும் முன்பே தேக்காவுக்குப் போய் அப்பம் வாங்கி வந்துவிட்டார்.