ஆசிரியர் லீவும் ஆளில்லா வகுப்பறையும்

ஆண்டில் மூன்று முறை விடுமுறை பெறும் ஆசிரியர்க்கு அதன்மேல் லீவும் எதற்கு என வினவுவார் பலர். இரு வேறு பொருளை ஒன்றென மயங்குவதால் எழும் வினா இது. பாடசாலை மூடப்படும் காலம் விடுமுறை. பாடசாலை நடைபெறும் நாளில் ஆசிரியர் ஒருவர் தக்க காரணங் காட்டித் தனித்துப் பெறுவது லீவு. ஏனைய அரசாங்க உத்தியோகத்தர்க்கு ஆண்டுதோறும் 24 நாள் ஓய்வு லீவும் 21 நாள் அமைய லீவுமாக 45 நாள் உண்டு. ஆசிரியர்க்கோ அவ்வோய்வு லீவு இல்லை; பாடசாலை விடுமுறையே அதற்கு ஈடாகக் கொள்ளப்படுகின்றது. கதிர்காமத்துக்கு நடந்து செல்ல விரும்பும் எழுதுவினைஞர் ஆடி மாதத்தில் லீவு எழுதிக் கொடுத்துப் புறப்படலாம்; ஆசிரியர்க்கு அஃது எளிதன்று.

இவ்வுரிமைகள் தாமாக வந்தனவல்ல. உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளில் ஆசிரியரை நியமித்தலும் நீக்குதலும் முகாமையாளர் கையில் இருந்தன. நல்ல முகாமையாளர் வாய்த்தவிடத்துக் குறை தோன்றவில்லை. வாய்க்காதவிடத்து முறையிட இடமுமில்லை. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் அப்பாடசாலைகளை அரசாங்கத்தின்பாற் சேர்த்தன. சமய நிறுவனங்கள் அதனால் இழந்தவற்றை எண்ணி வருந்துவாரோடு நாம் வழக்காட வரவில்லை. ஆயினும் ஆசிரியர் அதனாற் பெற்றது ஒன்றுண்டு. தாபன விதிக்கோவையின் 12 ஆம் அத்தியாயம் லீவைக் கூறுவது. நயந்து கேட்டுப் பெற்ற பொருள், நாளும் எண்ணும் குறித்த விதியாயிற்று.

பெண் ஆசிரியர்க்கு இவ்விதிகள் கூறுவனவே கூர்ந்து நோக்கத்தக்கன. 2005 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றுநிருபத்தின்படி, பிரசவத்துக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள் லீவு உண்டு. குழந்தையைப் பேணுதற்கு மேலும் 84 நாள் அரைச் சம்பளத்துடனும், அதன்பின் 84 நாள் சம்பளமின்றியும் பெறலாம். கருவுற்று ஐந்து மாதம் நிறைந்தபின் அரை மணி பிந்தி வரவும் அரை மணி முந்திச் செல்லவும் இடமுண்டு. சனி, ஞாயிறும் பொது விடுமுறை நாளும் 84 வேலைநாளுட் சேரா. வாரத்துக்கு ஐந்து நாளாகக் கணக்கிடின் அஃது ஏறத்தாழப் பதினேழு வாரம். ஒரு தவணையினும் நீண்டது.

அப்பதினேழு வாரமும் வகுப்பில் யார் கற்பிப்பார்? உயர்தர வகுப்புக்கு இரசாயனம் கற்பிப்பவர் ஒருவரே உள்ள பாடசாலையில் இக்கேள்வி விளையாட்டன்று. லீவை வழங்கிய விதி மாற்றாசிரியரை அனுப்பி வைப்பதில்லை. சக ஆசிரியர் தம் ஓய்வுப் பாடவேளையை இழந்து அவ்வகுப்புக்குச் செல்கின்றனர். சென்று அமைதி காக்கின்றனரேயன்றிப் பாடம் நடத்த இயலாது. பின் முணுமுணுப்பு எழுகின்றது, அதுவும் தாயான ஆசிரியையை நோக்கி! மகப்பேறு முன்னறிவிப்பின்றி வருவதன்று. பல மாதம் முன்னரே தெரிவது. ஆளணியை வகுப்போர் அதற்கென ஒருவரை ஒதுக்காமைக்கு அவ்வாசிரியை பொறுப்பாகார்.

இவ்விடைவெளியை வடக்கிலும் கிழக்கிலும் பலகாலம் நிரப்பி வந்தோர் தொண்டர் ஆசிரியர். ‘தொண்டு’ என்னும் சொல் கேட்க இனியது. ஆயின் பிறர் லீவை இயலச் செய்யும் அவர்க்கு லீவு இல்லை, ஓய்வூதியம் இல்லை, நியமனக் கடிதமும் இல்லை. என்றேனும் நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பே அவர் சம்பளம். தனியார் துறை ஊழியர்க்குங்கூட 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதி உண்டு. ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துதல் வேண்டும்.

பழைய மாணவர் சங்கங்கள் இத்தகையோர்க்கு மாதந்தோறும் சிறுதொகை கொடுத்து வருதல் பாராட்டத்தக்கதே. அதனைச் ‘சம்பளம்’ என்னாது ‘அன்பளிப்பு’ எனக் கணக்கேட்டில் எழுதும் வழக்கத்தை நாம் விரும்பவில்லை. அன்பளிப்புப் பெறுபவர் காய்ச்சலுற்று மூன்று நாள் வாராதிருப்பின் அத்தொகை குறைக்கப்படுமா, இல்லையா என்பதை எவ்வேட்டிலே தேடுவது? யூபிலி நிதியைப் பங்கிடுமுன் செயற்குழுவினர் இரண்டு தாள் எழுதினாற் போதும்: கடமை தொடங்கும் நாள், முடியும் நாள், மாதத் தொகை, சம்பளத்துடன் கூடிய லீவு நாள் ஆகியவற்றைக் குறித்த கடிதம் ஒன்று, அதன் பிரதி ஒன்று, அதிபரின் கோவைக்கு.