பால் பாட்டிலும் ஸ்பூன் கணக்கும்

அன்புள்ள கண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. ஆபீஸ் ஃப்ரிட்ஜில் நீ வாங்கி வைக்கிற பால் நாளுக்கு நாள் குறைகிறது, செல்போன் கேமராவை ஒளித்து வைத்து ஆளைப் பிடித்து, அதை ஒரு ஆராய்ச்சி மாதிரி எழுதி, பேரோடு சுவரில் ஒட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். ஆராய்ச்சியைத் தாராளமாகச் செய். கேமராவும் பேரும் வேண்டாம்.

நீ இருக்கிற மெல்போர்னிலேயே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. பர்னெட் இன்ஸ்டிட்யூட் என்ற மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், டீ குடிக்கிற அறைகளில் ஸ்பூன் நிற்கவே இல்லை. அங்கே வேலை பார்த்த மூன்று பேர் 70 டீஸ்பூன்களில் வெளியே தெரியாதபடி நம்பர் போட்டு, அறை அறையாக வைத்துவிட்டு, வாராவாரம் போய் எண்ணினார்கள். ஐந்து மாதத்தில் 56 போய்விட்டன. கதிரியக்கப் பொருளுக்குச் சொல்வது போல ஸ்பூனுக்கும் அரை ஆயுள், அதாவது பாதி காணாமல் போக ஆகிற காலம், கணக்கிட்டார்கள். 2005 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலே அதை வெளியிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வேடிக்கையான கட்டுரைகளைப் போடுவது அந்தப் பத்திரிகையின் வழக்கம். ஆனாலும் அவர்கள் எண்ணியது நிஜம்.

அதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லாரும் வந்துபோகிற பொது அறையில் ஸ்பூனின் அரை ஆயுள் 42 நாள். ஒரு குறிப்பிட்ட குழுவுக்கென்று இருந்த அறையில் 77 நாள். ஸ்பூன் உசத்தியா மட்டமா என்பதால் ஒரு வித்தியாசமும் வரவில்லை. ஒரே கட்டிடம், ஒரே சம்பளக்காரர்கள். 'இது நம்ம குழுவுடையது' என்ற நினைப்பு இருந்த இடத்தில் பொருள் அதிக நாள் தங்கியது. யார் எடுத்தார் என்று அவர்கள் துரத்தவில்லை. ஐந்து மாதம் முடிந்ததும் நடந்ததை எல்லாரிடமும் சொல்லிவிட்டார்கள்.

யாராவது பார்க்கிறார்கள் என்றால்தானே பயம் வரும் என்று நீ கேட்பாய். இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் அதையும் சோதித்தார்கள். டீ, காபி, பால் எடுப்பவர்கள் தாங்களாகவே உண்டியலில் காசு போட வேண்டும். விலைப்பட்டியலுக்கு மேலே ஒரு வாரம் பூப்படம், மறு வாரம் மனிதக் கண்களின் படம். கண் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு விழுந்தது. 2006இல் இதை வெளியிட்டார்கள். ஆனால் அந்தப் படம் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் இருந்தது. உன் கேமரா ஒளிந்திருக்கும். அது யாரையும் தடுக்காது. தப்பு நடக்கட்டும் என்று காத்திருக்கும். ஒருவரை மாட்டிவிடுவதற்கென்றே காத்திருப்பது உன் சுபாவத்துக்கு ஒத்துவராது, கண்ணா. அது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பார். நாளைக்கு உன் கேமராவில் தெரிகிற முகம், உனக்கு முதல் மாதம் வேலை சொல்லிக் கொடுத்தவருடையதாக இருக்கலாம். காலையில் காபிக்கு ஒரு சொட்டு, யாருடையது என்று யோசிக்காமலே ஊற்றியிருப்பார். பேரை ஒட்டின பிறகு அதே மேஜையில் அவரோடு எப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பாய்? அவமானப்பட்டவர் பாலை மறப்பார், உன்னை மறக்கமாட்டார்.

அதனால் இப்படிச் செய். பாட்டிலில் உன் பேரைப் பெரிதாக எழுது. தினமும் காலையிலும் மாலையிலும் பால் நிற்கிற மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுது. எல்லாரும் பார்க்கட்டும். ஒரு வாரம் கழித்து, இவ்வளவு குறைந்திருக்கிறது என்று சிரித்த முகத்தோடு அவர்களிடமே காட்டு. உங்கள் குழுவில் மட்டும் வாரத்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, சேர்ந்து பால் வாங்கலாமா என்று கேள். வாங்கும் பொறுப்பை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். முதல் முறையை நீயே எடுத்துக்கொள்.

பெரியம்மா உன்னை விசாரித்தாள். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

அன்புடன்,
பெரியப்பா