பதிவில் படம் உடைவது ஏன்?

கேள்வி: 2011இல் வீடு கட்டியபோது டிஷ் பூட்டினோம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நல்லூருக்குப் போக முடியாது. அவவுக்காகத் தேர்த் திருவிழா நேரலையை றிசீவரில் ஹார்ட் டிஸ்க் செருகிப் பதிந்தேன். போட்டுப் பார்த்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டுவிட்டு வருகிறது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு பதிவே இல்லை. காற்று வீசும் நாட்களில்தான் கூடுதலாக இப்படி வருகிறது. றிசீவர் பழுது, புதிது வாங்குங்கள் என்கிறார் கடைக்காரர். அதே டிஸ்க்கில் அக்காவின் கலியாண வீடியோவும் இருக்கிறது. அதுவும் கெட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. அண்ணா வீட்டில் சாதாரண அன்ரெனாவில் பிடித்துக் கொம்பியூட்டரில் பதிந்த நிகழ்ச்சிகளும் மோசம். ஆனால் ரி.வி.யில் நேரே பார்க்கும்போது பரவாயில்லை.
— ம. செ., தர்மபுரம்

பதில்: அன்புள்ள ம. செ. அவர்களுக்கு,

முதலில் கலியாண வீடியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படம் உடைவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. உடைந்து வந்த நிகழ்ச்சியைப் பதிந்ததால் பக்கத்தில் இருக்கும் கோப்பு கெடுவதில்லை. றிசீவரும் பழுது இல்லை என்றே உங்கள் கடிதம் காட்டுகிறது. கீழே சொல்வதைச் செய்துபார்க்காமல் புதியதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

றிசீவர் பதியும்போது படத்தைப் புதிதாக ஆக்குவதில்லை. செய்மதியிலிருந்து வரும் தரவை வந்தபடியே டிஸ்க்கில் எழுதிவைக்கிறது. வந்ததில் ஓட்டை இருந்தால் பதிவிலும் அதே இடத்தில் ஓட்டை இருக்கும். அந்தத் தரவு சிறு சிறு பொதிகளாக (தரவின் சின்னக் கட்டுகளாக) வருகிறது. டிவிபி-எஸ் என்ற செய்மதி முறையில் ஒரு பொதி 188 பைட். வழியில் ஏதும் சிதைந்தால் சரிசெய்துகொள்வதற்கு ஒவ்வொரு பொதியோடும் இன்னும் 16 பைட் காவலாக வருகிறது. அதைக் கொண்டு ஒரு பொதியில் 8 பைட் வரை பிழையைத் திருத்தலாம். ஒன்பதாவது பைட்டும் சிதைந்தால் திருத்தவே முடியாது, அந்தப் பொதி போனதுதான். சமிக்ஞை (வானிலிருந்து வரும் அலை) மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு போனாலும் படம் கடைசிவரை கண்ணாடிபோல் இருந்துவிட்டுத் திடீரென்று உடைவதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு வினாடிக்கு 25 படங்கள் ஓடினாலும் அவை எல்லாம் முழுப் படங்களாக வருவதில்லை. இடையிடையே ஒன்றுதான் முழுப்படம். மற்றவை முந்திய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் சொல்பவை. நடுவில் ஒரு பொதி தொலைந்தால், அடுத்த முழுப்படம் வரும்வரை, அரை வினாடியோ கூடவோ, அந்தக் கட்டங்கள் திரையில் நிற்கும். நேரே பார்க்கும்போது அதை மறந்துவிடுகிறோம். பதிவில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து கண்ணைக் குத்தும்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். நல்லூர்த் திருவிழா சோளகம் வீசும் காலத்தில் வருகிறது. மழை இல்லாத நாளில், காற்றோடு சேர்ந்து படம் உடைகிறது என்றால் எனக்கு இரண்டு இடத்தில் சந்தேகம். ஒன்று, டிஷ் ஆடுகிறது. சாதாரண 60 சென்ரிமீற்றர் டிஷ் ஒன்றரைப் பாகை திரும்பினாலே வரும் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும். விளிம்பில் அளந்தால் அது ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. இத்தனை ஆண்டு வெயிலும் காற்றும் பட்ட ஆணிகள் அந்த அளவுக்கு இளகுவது சாதாரணம். மற்றது மரம். மீள்குடியேறிய காலத்தில் வீட்டுக்கு வீடு நட்ட வேம்பும் தென்னையும் இப்போது கூரையை மீறி நிற்கின்றன. டிஷ் பூட்டிய நாளில் குறுக்கே இல்லாத கிளை இன்று குறுக்கே ஆடலாம். நமது வீட்டு டிஷ்கள் நேர்முன்னே பார்ப்பதுபோல் தோன்றினாலும் அவை உண்மையில் பார்ப்பது இன்னும் உயரத்தை. ஆகவே டிஷ்ஷின் முகத்துக்கு நேரே வெளி இருந்தால் போதாது, அதற்கு மேலேயும் பாருங்கள்.

றிசீவரின் பட்டியலில் இரண்டு கோடுகள் தெரியும், ஒன்று வலு, மற்றது தரம். நீங்கள் கவனிக்க வேண்டியது தரத்தை. காற்று வீசும்போது அதைப் பார்த்தபடி இருங்கள். கோடு ஏறி இறங்கினால் கிளையை வெட்டி, டிஷ் ஆணிகளை இறுக்குவியுங்கள். காற்று இல்லாதபோதும் தரம் குறைவாகவே நின்றால் வயரைப் பாருங்கள். றிசீவரின் மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, டிஷ்ஷின் தலையில் திருகியிருக்கும் முனையைக் கழற்றச் சொல்லுங்கள். நடுவில் உள்ள செம்புக் கம்பி பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தாலோ, சுற்றியுள்ள வெள்ளிப் பின்னல் கறுத்திருந்தாலோ மாரித் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. நுனியை மட்டும் வெட்டிப் பூட்டினால் போதாது, தண்ணீர் பின்னலுக்குள் நெடுந்தூரம் ஓடியிருக்கும். முழு வயரையும் மாற்றுங்கள். புது றிசீவரைவிட அது மலிவு. முனைக்குச் சற்று முன் வயரைக் கீழே தொங்கவிட்டு ஒரு வளைவு கொடுத்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கூரையில் ஏறுவதற்கு அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் யாரும் ஏற வேண்டாம்.

கடும் மழையில் ஐந்து பத்து நிமிடம் போவதும், மார்ச் நடுப்பகுதியிலும் செப்ரெம்பர் கடைசியிலும் சூரியன் செய்மதிக்கு நேர்பின்னால் வரும் சில நாட்களில் சில நிமிடம் போவதும் பழுது அல்ல. அவற்றுக்கு மருந்தில்லை.

இரண்டு மணித்தியாலத்தில் பதிவு நின்றதற்குச் சமிக்ஞை காரணமாக இருக்காது. ஃபாட்32 என்ற முறையில் ஒழுங்குசெய்த டிஸ்க்கில் ஒரு கோப்பு 4 ஜீபியைத் தாண்ட முடியாது. சாதாரணத் தரத்தில் ஒரு மணித்தியாலம் 2 ஜீபிக்கு அருகில் வரும். சில றிசீவர்கள் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்கும், உங்களுடையது தொடங்கவில்லை போலும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

அண்ணா வீட்டுக் கதை வேறு. தரைவழி ஒளிபரப்புக்கு ஜப்பானிய டிஜிற்றல் முறையை இலங்கை 2014இல் தெரிவுசெய்தாலும், அன்ரெனாவில் நாம் பிடிப்பது பழைய அனலொக் அலையைத்தான். அது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மங்கும். படத்தின்மேல் மணல் தூவியதுபோல் புள்ளிகள் பறந்தாலும் நம் கண் அவற்றை ஒதுக்கிவிட்டு முகத்தைப் பார்க்கும். கொம்பியூட்டருக்கு அந்தப் பக்குவம் இல்லை. முந்திய படத்திலிருந்து மாறியதை மட்டும் எழுதி இடத்தைச் சுருக்குவதுதான் அதன் வேலை. புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் இடம் மாறுவதால் திரை முழுவதுமே மாறியதாக அது எடுத்துக்கொள்கிறது. கொடுத்த இடமெல்லாம் அந்தப் புள்ளிகளை எழுதவே செலவாகி, ஆளின் முகத்துக்கு மிஞ்சுவது சொற்பம். அதனால் முகம் கட்டமாகிறது. அலை மிகவும் பலவீனமானால் சில படங்களையே தவறவிடும், பிறகு வாயசைவும் சத்தமும் பொருந்தாது.

மென்பொருளில் வடிகட்டிப் பார்ப்பதைவிட அன்ரெனாவைச் சரிசெய்வதே நல்லது. 2011 ஜூனில் திறந்த கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 174 மீற்றர் உயரம், உங்களுக்குத் தென்மேற்கே இருக்கிறது. அண்ணா அங்கிருந்து வரும் சேவையைப் பிடிப்பதென்றால் அன்ரெனாவை அந்தத் திசைக்குத் திருப்பி, கம்பத்தை உயர்த்தச் சொல்லுங்கள். மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் கம்பம் வேண்டாம். பூஸ்டர் வைப்பதானால் கம்பத்தின் உச்சியில் வைக்க வேண்டும். ரி.வி.க்குப் பின்னால் வைத்தால் வயரில் சேர்ந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

கடைசியாக அந்த டிஸ்க். பதியும் நேரத்தில் கரண்ட் போனால் டிஸ்க்கின் அட்டவணையே குழம்பிப்போவதுண்டு. சில றிசீவர்கள் டிஸ்க்கைச் செருகியவுடன், ஒழுங்குசெய்யவா என்று கேட்கும். தெரியாமல் ஆம் என்று அழுத்தினால் உள்ளே உள்ள எல்லாம் போய்விடும். நான் பயப்படுவது இதற்குத்தான். இன்றைக்கே கலியாண வீடியோவை வேறு இரண்டு இடத்தில் கொப்பி எடுத்துவிட்டு, பதிவுக்கென்று தனி டிஸ்க் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்ப் பதிவில் தொலைந்த பொதிகளை இனி எந்தக் கடையிலும் மீட்க முடியாது. ஆனால் நல்லூர்த் தேர் யூரியூப்பிலும் நேரலையாகப் போகிறது. தேடி எடுத்து அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். அடுத்த முறை கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்பே, காற்றுள்ள ஒரு பகலில் அரை மணித்தியாலம் பதிந்து பாருங்கள். அப்போதும் உடைந்தால் தரக் கோட்டின் அளவையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.