உதவித்தொகை வருமுன் மடிக்கணினி வாங்கலாமா?

கல்லூரிகள் ஆண்டின் நடுப்பகுதியில் திறந்துவிடுகின்றன. கல்வி உதவித்தொகை விண்ணப்பம் அதே வேகத்தில் நகர்வதில்லை. கல்லூரி சரிபார்க்க வேண்டும். அதற்கு மேலுள்ள அலுவலர் சரிபார்க்க வேண்டும். தேர்வுப் பட்டியல் வெளிவர வேண்டும். அதன் பின்னரே பணம் கணக்குக்கு வரும். இந்த இடைவெளி பல மாதங்கள் நீள்வது வழக்கம். பார்வையற்ற மாணவர் ஒருவருக்கு மடிக்கணினிதான் பாடநூல். குறிப்பேடும் எழுதுகோலும் அதுவே. கைகளால் எழுத இயலாத மாணவருக்கும் நிலைமை ஏறத்தாழ இதுதான். உதவித்தொகை வரட்டும் என்று காத்திருந்தால் முதல் பருவம் கைநழுவும். அவசரப்பட்டு வாங்கினாலோ, கிடைக்கவிருந்த தொகையே கிடைக்காமற்போகக் கூடும். எனவே கடைக்குச் செல்லுமுன், எதிர்பார்க்கும் உதவி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிய வேண்டும்.

மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை வழங்கும் உதவிகளையே எடுத்துக்கொள்வோம். போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை, பராமரிப்புப் படி, புத்தகப் படி, மாற்றுத்திறனாளிப் படி என நிர்ணயித்த தொகையாக மாணவரின் கணக்கில் சேர்கிறது. அதைப் பெற மடிக்கணினிக்கான ரசீது தேவையில்லை. ஆகவே எப்போது வாங்கினாலும் இழப்பில்லை. அறிவிக்கப்பட்ட உயர்கல்வி நிறுவனங்களில் பயில்வோருக்கான உயர்தரக் கல்வித் திட்டம் வேறு விதமானது. அதில் கணினியும் துணைப் பொருள்களும் வாங்கிய செலவு, படிப்புக் காலத்தில் ஒருமுறை மட்டும், ஓர் உச்சவரம்புக்குள் ஈடுசெய்யப்படுகிறது. உதவிக் கருவிகளுக்கும் குறைபாட்டுக்கேற்ற மென்பொருளுக்கும் தனித் தலைப்பு உண்டு. ஈடுசெய்தல் என்றாலே ரசீது வேண்டும். ரசீது என்றால் அதிலுள்ள தேதி கவனிக்கப்படும்.

மூன்றாவது வகை ஏடிஐபி திட்டம். இதில் பணம் தரப்படுவதில்லை. கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட அலிம்கோ முதலிய நிறுவனங்கள் வழியாகக் கருவியே வழங்கப்படுகிறது. நீங்கள் வாங்கிய பொருளின் ரசீதைக் காட்டி இத்திட்டத்தில் பணம் பெற இயலாது. இன்னொரு விதியும் உண்டு: அதே நோக்கத்துக்காகக் கடந்த 3 ஆண்டுகளுக்குள் அரசு உதவி பெற்றவர் மீண்டும் பெற முடியாது. கிடைக்கிறதே என்று பொருந்தாத கருவியை ஏற்றுக்கொண்டால் அந்த 3 ஆண்டுகளும் அதனோடுதான் கழியும். தனியார் அறக்கட்டளைகள் பெரும்பாலும் விலைப்புள்ளியைப் பெற்று விற்பனையாளருக்கே நேரடியாகப் பணம் செலுத்துகின்றன. வாங்கி முடித்த பொருளுக்கு அவை உதவுவது அரிது.

கல்லூரியில் உதவித்தொகைப் பணிகளைக் கவனிக்கும் பொறுப்பு அலுவலரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்து மூலம் கேளுங்கள்: "ஒப்புதலுக்கு முந்தைய தேதியிட்ட ரசீது ஏற்கப்படுமா?" மின்னஞ்சலில் கேட்டுப் பதிலையும் பாதுகாத்து வையுங்கள். வாய்மொழியாகக் கிடைத்த உறுதியைச் சில மாதங்கள் கழித்து வேறொரு அலுவலரிடம் காட்ட இயலாது. ஏற்கப்படாது என்பது பதிலானால், கல்லூரியின் சமவாய்ப்புப் பிரிவிலோ நூலகத்திலோ இடைக்காலத்துக்கு ஒரு கணினியை இரவல் கேட்கலாம். இப்படிக் கேட்கப் பலர் தயங்குகின்றனர். தயக்கத்துக்கு அவசியமே இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனங்களுக்குத் தெளிவான கடமைகளை விதித்திருக்கிறது.

ஏற்கப்படும் என்று பதில் வந்தாலோ, உதவி முதல் வகையைச் சேர்ந்ததாக இருந்தாலோ, இடைக்காலத்துக்குப் பணம் திரட்டுவதே மீதமுள்ள வேலை. கல்விக் கடன் பெறுவதாயின் வேறெங்கும் தேட வேண்டாம். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையான கணினியை நியாயமான விலையில் வாங்கும் செலவும் இடம்பெற்றுள்ளது. ஆனால் விண்ணப்பிக்கும்போதே செலவுப் பட்டியலில் அதைச் சேர்த்து, விலைப்புள்ளியையும் இணைக்க வேண்டும். கல்விக் கட்டணத்துக்கு மட்டும் கடன் பெற்றுவிட்டுப் பின்னர் கணினிக்காகத் தனிக்கடன் தேடுவோரை அடிக்கடி காண்கிறோம். தனிக்கடனின் வட்டி பெரும்பாலும் கூடுதல்.

கல்விக் கடன் இல்லாதவர்களுக்காக ஒரு கணக்கு. மடிக்கணினியின் விலை 42,000 ரூபாய் எனவும், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் 12 மாதத் தவணைக் கடன் பெற்றதாகவும் கொள்வோம். மாதத் தவணை சுமார் 3,732 ரூபாய். 6 தவணைகள் செலுத்திய நிலையில் உதவித்தொகை வருகிறது. அப்போது நிலுவை சுமார் 21,630 ரூபாய். அதுவரை செலுத்திய வட்டி சுமார் 2,020 ரூபாய். வந்த தொகையில் நிலுவையை அடைத்துவிட்டால் காத்திருப்பின் விலை அவ்வளவே. அதே 42,000 ரூபாயைக் கடன் அட்டையில் செலவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்திவந்தால் என்ன ஆகும்? மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் முதல் மாத வட்டி மட்டுமே 1,470 ரூபாய். அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் சுமார் 1,735 ரூபாய். தவணைக் கடனில் அரையாண்டுக்கு ஆகும் வட்டியில் பெரும்பகுதி அட்டையில் ஒரே மாதத்தில் கரைகிறது. உதவித்தொகை எந்த மாதம் வரும் என்று எவராலும் சொல்ல முடியாத நிலையில் அட்டையை நம்பி இறங்குவது தகாது.

"வட்டியில்லாத் தவணை" என்னும் விளம்பரத்தையும் நிதானமாகப் படியுங்கள். வட்டியே இல்லாத கடன் என்பது இல்லாத ஒன்று என 2013-இலேயே ரிசர்வ் வங்கி சுட்டிக்காட்டியது. ரொக்கமாக வாங்குவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் வாங்குவோருக்கு மறுக்கப்பட்டால், அந்த வேறுபாடுதான் வட்டி. 2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை தருவது கட்டாயம். அதில் எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு விகிதம் குறிக்கப்பட்டிருக்கும். கடனை முன்னதாக அடைக்கக் கட்டணம் உண்டா என்பதையும் அதிலேயே பாருங்கள். உதவித்தொகை வந்ததும் அடைக்கும் எண்ணம் உடையவர்களுக்கு வட்டி விகிதத்துக்கு அடுத்தபடியாக முக்கியமானது அந்த வரிதான்.

வீட்டில் வைப்புத்தொகை இருந்தால் அதன்மீது மேல்வரைப்பற்று வசதி பெறலாம். பொதுவாக வைப்பு வட்டியைவிட 1 அல்லது 2 சதவீதமே கூடுதல். எடுத்த தொகைக்கு, எடுத்த நாள்களுக்கு மட்டுமே வட்டி. வைப்பையும் முறிக்க வேண்டியதில்லை. வரும் தேதி தெரியாத பணத்துக்காகக் காத்திருப்போருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு குறைவு என்பது எமது கருத்து. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும்: பார்வையற்றவர் என்பதற்காகக் காசோலைப் புத்தகம், இணைய வங்கிச் சேவை, சில்லறைக் கடன் போன்றவற்றை மறுக்கக் கூடாது என 2008-இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. வயது நிறைவடைந்த மாணவர் தம் பெயரிலேயே கேட்கலாம்.

ரசீது மாணவரின் பெயரில் இருக்கட்டும். தந்தையின் பெயரிலோ அவரது நிறுவனத்தின் பெயரிலோ வேண்டாம். கருவியின் வரிசை எண், கடையின் ஜிஎஸ்டி எண் ஆகியவை இடம்பெற வேண்டும். கணினி ஒரு வரியிலும் மென்பொருள் மற்றொரு வரியிலுமாகத் தனித்தனி விலையுடன் அச்சிடச் சொல்லுங்கள். இரண்டும் வெவ்வேறு தலைப்புகளில் கோரப்படுபவை. பணத்தைக் கணக்கிலிருந்தே செலுத்துங்கள்.

மென்பொருளுக்காக அவசரப்பட வேண்டாம். என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். ஜாஸ் போன்ற விலையுயர்ந்த மென்பொருளை உரிமம் வாங்காமலேயே 40 நிமிட நேரம் இயக்கிப் பார்க்கலாம். ஆகவே இப்போது கணினிக்கு மட்டும் செலவிட்டு, மென்பொருளை ஒப்புதலுக்குப் பின் வாங்குவது இயலும். ஆனால் கணினியில் சிக்கனம் பார்க்காதீர்கள். திரைவாசிப்பானும் உலாவியும் பாடக்கோப்புகளும் ஒன்றாக இயங்க 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டி சேமிப்பகமும் வேண்டும். குறை பார்வை உடையவர்கள் பளபளக்காத அகலத் திரையைக் கடையிலேயே எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும்.

இறுதியாக, பணம் வந்து சேரும் கணக்கு. ஆதாரை அடையாளச் சான்றாகக் கொடுத்திருப்பது வேறு. அரசு நேரடியாகச் செலுத்தும் தொகைக்காகக் கணக்கை ஆதாருடன் இணைத்திருப்பது வேறு. பின்னதை ஒரு நேரத்தில் ஒரே வங்கியில்தான் செய்ய முடியும். கடைசியாக எந்த வங்கியில் இணைத்தீர்களோ, பணம் அங்கே செல்லும். பள்ளிக் காலத்தில் தொடங்கி மறந்துபோன கணக்கில் உதவித்தொகை கிடப்பது இதனால்தான். ஆதார், தனி அடையாள அட்டை, மதிப்பெண் சான்றிதழ், கணக்குப் புத்தகம் ஆகிய நான்கிலும் பெயரும் முதலெழுத்தும் ஒரே விதமாக உள்ளனவா என்பதை விண்ணப்பத்தின் முடிவுக்குக் காத்திருக்கும் இந்த நாள்களிலேயே கிளைக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.